லூவர் கலைக்கூடம்

பிரான்சு நாட்டின் தலைநகராகிய பாரிசு மாநகரை இரு கூறாகப் பிரித்துக்கொண்டு சீன் ஆறு ஓடுகிறது. அவ்வாற்றின் வடகரையை ஒட்டிப் பழைய அரண்மனை ஒன்று நெடுந்தொலைவு நீண்டு கிடக்கிறது. லூவர் என்பது அதன் பெயர். இன்று அதில் அரசர் எவரும் இல்லை. அரசர் வாழ்ந்த கூடங்களில் ஓவியங்களும் சிற்பங்களும் குடியேறியிருக்கின்றன. அவற்றைக் காண ஆண்டுதோறும் உலகின் பல பகுதிகளிலிருந்தும் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வருகின்றனர். அம்மக்களுள் ஒருவனாக நானும் ஒருநாள் காலை முதல் மாலை வரை அங்கே சுற்றி வந்தேன்.

லூவர் முதலில் அரண்மனையாகவும் இருக்கவில்லை. ஏறத்தாழ 1190ஆம் ஆண்டில் பிலிப் அகஸ்து என்னும் மன்னன் நகரைக் காப்பதற்காக எழுப்பிய கோட்டை அது. பின்னர் 1546இல் முதலாம் பிரான்சிஸ் அங்கே புதிய அரண்மனையைக் கட்டத் தொடங்கினான். அவனுக்குப் பின் வந்தோர் பலரும் ஒவ்வொரு பகுதியைச் சேர்த்துக்கொண்டே சென்றனர். பதினான்காம் லூயி 1682இல் தன் அவையை வெர்சேல் என்னும் இடத்திற்கு மாற்றிக்கொண்டான். அரச குடும்பம் திரட்டிய ஓவியச் செல்வம் மன்னரும் அவரைச் சூழ்ந்தோரும் கண்டு மகிழ்வதற்கே உரியதாக இருந்தது. பொதுமக்கள் அதனைக் காணும் வாய்ப்பு மிக அரிது. 1789இல் புரட்சி வெடித்தது. 1792ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மன்னராட்சி வீழ்ந்தது. சரியாக ஓராண்டு கழித்து, 1793ஆம் ஆண்டு அதே ஆகஸ்டு 10ஆம் நாள், லூவர் மக்களுக்குரிய கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்த ஓவியங்கள் 537. நேற்றுவரை கோட்டை வாயிலில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கவும் அஞ்சிய தச்சனும் சலவைத் தொழிலாளியும், இவை தம்முடையவை என்ற எண்ணத்தோடு அக்கூடங்களில் நடந்திருப்பார்கள்.

இன்று உள்ளே நுழைவோர் கண்ணாடிக் கூம்பு ஒன்றின் வழியாக இறங்குகின்றனர். அரண்மனை முற்றத்தின் நடுவில் 21 மீட்டர் உயரத்திற்கு நிற்கும் இக்கூம்பினைச் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் பெய் அமைத்தார். 1989இல் அது திறக்கப்படுமுன் பிரெஞ்சு மக்களுள் பலர் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பழைய கல் மாளிகையின் நடுவே கண்ணாடியும் இரும்பும் எதற்கு என்று கேட்டனர். எனக்கு அது உறுத்தலாகத் தோன்றவில்லை. வானத்து ஒளியை அது தடையின்றி நிலத்தடிக்கு இறக்கி விடுகிறது. மழை மேகம் ஒன்று அதன்மேல் ஊர்ந்து சென்றதைக் கீழே நின்று கண்டேன்.

லூவரில் நானூறுக்கு மேற்பட்ட அறைகள் உள்ளன. காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள பொருள்கள் ஏறத்தாழ 35,000. ஒரு பொருளுக்கு ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டு, நாளுக்கு எட்டு மணி நேரம் நின்று பார்த்தாலும் எழுபத்துமூன்று நாள் ஆகும். ஆதலால் எல்லாவற்றையும் பார்க்கும் ஆசையை வாயிலிலேயே விட்டுவிடுவது நல்லது. நான் பத்துப் பன்னிரண்டு பொருள்களை மட்டும் தேர்ந்துகொண்டேன். அவற்றுள்ளும் சிலவற்றைப் பற்றியே இங்குச் சொல்லப் போகிறேன்.

நிலத்தடியில் பழைய கோட்டையின் அடிச்சுவர்கள் இன்றும் இருக்கின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட அச்சுவர்களை அண்மைக் காலத்தில், 1980களில், தோண்டி வெளிப்படுத்தினர். ஒருகாலத்தில் நீர் நிறைந்திருந்த அகழியிலே இப்போது நாம் கால் நனையாமல் நடக்கலாம். சில கற்களில் கல்தச்சர்கள் பொறித்த அடையாளக் குறிகள் மழுங்காமல் இருக்கின்றன. கட்டிய மன்னனின் பெயர் வரலாற்று நூல்களில் உண்டு. கல்லைச் செதுக்கியவனுக்கோ இக்குறி ஒன்றே எஞ்சியது.

அங்கிருந்து எகிப்தியப் பகுதிக்குச் சென்றேன். பேரரசர்களின் உருவங்கள் பல அங்கே வரிசையாக நிற்கின்றன. ஆனால் என்னை நிறுத்திவைத்தது ஒரு சிறிய சிலை. அதன் உயரம் 54 சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. தரையில் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் எழுத்தர் ஒருவரின் உருவம் அது. சக்காரா என்னும் இடத்தில் 1850இல் கண்டெடுக்கப்பட்டது. செய்து நாலாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. மடியில் பாப்பிரசுச் சுருள் பாதி விரிந்திருக்கிறது. வலக்கையில் இருந்த எழுதுகோல் எப்போதோ மறைந்துவிட்டது. பிடித்த விரல்கள் மட்டும் அப்படியே உள்ளன. வயிற்றில் மடிப்புகள் விழுந்திருக்கின்றன. உட்கார்ந்தே வேலை செய்பவரின் உடல் அது. அரசர்களை என்றும் இளையவராகவே செதுக்கிய சிற்பிகள், இவரிடம் மட்டும் உண்மையை மறைக்கவில்லை. படிகக் கல்லில் இழைத்த அவருடைய கண்கள் நம்மையே நோக்குகின்றன. நாம் வாய் திறந்தால் அவர் எழுதத் தொடங்கிவிடுவார் என்று தோன்றுகிறது. அவர் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது.

மேற்கு ஆசியப் பகுதியிலே கரிய கல் தூண் ஒன்று நிற்கிறது. இரண்டே கால் மீட்டர் உயரம் உடையது. அதன் உச்சியில், பாபிலோன் மன்னன் அம்முராபி கதிரவக் கடவுளின் முன் நிற்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. அதன் கீழே கல் முழுவதும் ஆப்பு வடிவ எழுத்துகள் நிறைந்திருக்கின்றன. ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்ட சட்டங்கள் அவை. வலியோர் எளியோரை வருத்தாமல் இருப்பதற்காகவே இச்சட்டங்களை வகுத்ததாக மன்னன் கூறிக்கொள்கிறான். கொத்தன் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் இறந்தால் கொத்தனுக்கு மரண தண்டனை என்று ஒரு சட்டம் உண்டு. உயர்ந்தவனின் கண்ணைக் கெடுத்தால் கெடுத்தவனின் கண்ணை எடுக்கவேண்டும். அடிமையின் கண்ணைக் கெடுத்தாலோ அவன் விலையில் பாதியைக் கொடுத்தால் போதும். எளியோரைக் காக்க எழுந்த சட்டத்திலும் கண்ணுக்குக் கண் விலை வேறுபட்டது.

இத்தூண் கண்டெடுக்கப்பட்டது பாபிலோனில் அன்று. இன்றைய ஈரான் நாட்டில் உள்ள சூசா என்னும் பழம்பதியில் 1901, 1902ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு அகழ்வாராய்ச்சியாளர் அதனைத் தோண்டி எடுத்தனர். பாபிலோனியச் சட்டக் கல் சூசாவுக்கு எப்படி வந்தது? கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஏலம் நாட்டு மன்னன் பாபிலோனியரை வென்று, இக்கல்லைக் கொள்ளைப் பொருளாகத் தூக்கிச் சென்றான். தூணின் முன்புறத்தில் சில வரிகள் அழிக்கப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். வென்றவன் தன் பெயரைப் பொறிப்பதற்காக அழித்திருக்கவேண்டும் என்பர். ஆனால் எதுவும் பொறிக்கப்படவில்லை. வென்ற நாட்டின் கலைச்செல்வத்தைத் தன் ஊருக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் எவ்வளவு பழமையானது என்பதை அந்த வெற்றிடம் கூறுகிறது. இப்பொருள் இங்கே எப்படி வந்தது என்ற வினா அத்தூணின் முன் என் மனத்தில் எழுந்தது. அன்று மாலைவரை அது என்னை விட்டு நீங்கவில்லை.

லூவரின் பெரிய படிக்கட்டு ஒன்றின் உச்சியில் சிறகு விரித்த வெற்றித் தேவதை நிற்கிறாள். சாமோத்ரேசு என்னும் கிரேக்கத் தீவில் 1863இல் துண்டு துண்டாகக் கிடைத்த சிலை இது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்டிருக்கலாம் என்று கருதுகின்றனர். தலை இல்லை, கைகளும் இல்லை. கப்பலின் முகப்பில் வந்து இறங்கும் கோலத்தில் நிற்கிறாள். எதிர்க்காற்றில் ஆடை உடலோடு ஒட்டி, பின்னே படபடக்கிறது. கல்லில் காற்றைச் செதுக்க முடியும் என்பதை அங்கேதான் கண்டேன். வலச் சிறகு பழைய கல் அன்று; இடச் சிறகைப் பார்த்துச் சுதையால் செய்து பொருத்தியது. அதனை அறிந்த பின்னும் சிலையின் வீறு குறையவில்லை. படிகளில் ஏறி வருவோர் பாதி வழியில் தாமாகவே நின்று விடுகின்றனர். மூச்சு வாங்குவதற்காகவும் இருக்கலாம்!

அடுத்து, எல்லோரும் செல்லும் இடத்திற்கு நானும் சென்றேன். வழி கேட்கவேண்டிய தேவையே இல்லை. திருவிழாக் கூட்டம் தேரை நோக்கி நகர்வதுபோல் மக்கள் வெள்ளம் ஒரே திசையில் நகர்ந்துகொண்டிருந்தது. அதனோடு கலந்து பெரிய மண்டபம் ஒன்றினுள் நுழைந்தேன். நான் சென்ற நாளில் அம்மண்டபத்தின் நடுவே, தனிச் சுவர் ஒன்றில், குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னே மோனா லிசா இருந்தாள். லியோனார்டோ டா வின்சி தீட்டிய அவ்வோவியம் 77 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு மரப்பலகை, அவ்வளவே. கூட்டத்தில் இருந்தவர்கள் கைப்பேசியைத் தலைக்குமேல் உயர்த்திப் படம் எடுத்தனர், பிறகு ஓவியத்திற்கு முதுகு காட்டி நின்று, தம் முகத்தோடு சேர்த்து மீண்டும் படம் எடுத்தனர், உடனே நகர்ந்தனர். முன் வரிசையை அடைய எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அங்கே நிற்க அரை நிமிடம் கிடைத்தது. அந்த அரை நிமிடத்தில் முகத்தைவிடக் கைகளையே நான் மிகுதியாகப் பார்த்தேன். ஒன்றன்மேல் ஒன்று அமைதியாகக் கிடக்கும் அக்கைகளைப் பற்றி யாரும் ஏன் பேசுவதில்லை என்று தெரியவில்லை.

இவ்வோவியத்திற்கு இத்துணைப் புகழ் வந்ததற்கு ஒரு திருட்டும் காரணம். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள் திங்கட்கிழமை. அந்நாளில் அது லூவரின் விடுமுறை நாள். வின்சென்சோ பெருஜ்ஜா என்னும் இத்தாலியத் தொழிலாளி, முன்பு லூவரில் ஓவியங்களுக்குக் கண்ணாடி பொருத்தும் வேலை செய்தவன், உள்ளே புகுந்து ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தன் மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு வெளியேறினான். மறுநாள் நண்பகல் வரை இது வெளிப்படவில்லை. லூவர் மீண்டும் திறந்தபோது, ஓவியம் இருந்த வெற்றுச் சுவரைக் காண மக்கள் வரிசையில் நின்றனர். ஓவியம் இருந்தபோது அதனைக் கண்டிராத பலரும் அது இல்லாத இடத்தைக் காண வந்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது பாரிசிலேயே, திருடனின் அறையில், ஒரு பெட்டியில் கிடந்தது. 1913 டிசம்பரில் பிளாரன்சு நகரத்தில் அதனை விற்க முயன்றபோது அவன் பிடிபட்டான். நெப்போலியன் இத்தாலியிலிருந்து கவர்ந்து சென்றதை இத்தாலிக்கே மீட்டுத் தந்தேன் என்று அவன் வாதாடினான். இத்தாலியருள் பலர் அவனிடம் இரக்கம் காட்டினர். சில மாதச் சிறையோடு அவன் விடுதலை பெற்றான். ஓவியம் 1914 ஜனவரியில் லூவருக்குத் திரும்பியது.

ஆனால் மோனா லிசாவை நெப்போலியன் கவரவில்லை. லியோனார்டோ தம் முதுமையில், 1516இல், முதலாம் பிரான்சிஸ் மன்னனின் அழைப்பை ஏற்றுப் பிரான்சு நாட்டிற்கு வந்தார். 1519இல் அங்கேயே இறந்தார். அவ்வோவியம் பிரான்சிஸ் மன்னனின் செல்வத்தோடு சேர்ந்தது. நெப்போலியன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அது பிரெஞ்சு அரசருக்கு உரியதாகிவிட்டது.

மோனா லிசாவைப் பார்த்தபின் நான் திரும்பினேன். எதிர்ச் சுவர் முழுவதையும் ஓர் ஓவியம் மறைத்துக்கொண்டிருந்தது. லூவரில் உள்ள ஓவியங்களுள் மிகப் பெரியது அது. அகலம் பத்து மீட்டருக்குச் சிறிதே குறைவு; உயரம் ஏழு மீட்டருக்குச் சிறிதே குறைவு. அதன் முன் நான்கைந்து பேரே நின்றனர். மண்டபத்தில் இருந்த நூற்றுக்கணக்கானோரின் முதுகுகளே அதனை நோக்கியிருந்தன. கானா ஊர்த் திருமணம் என்பது அவ்வோவியத்தின் பெயர். திருமண விருந்தில் திராட்சை மது தீர்ந்துபோக, இயேசு பெருமான் தண்ணீரை மதுவாக மாற்றிய நிகழ்ச்சியை வெனிசு நகரத்து ஓவியர் வெரோனீசு 1563இல் தீட்டி முடித்தார். நூற்று முப்பது பேர் அளவில் அதில் இருக்கின்றனர். மணமக்கள் ஓர் ஓரத்தில் அமர்ந்துவிட்டனர். நடுவில் இயேசு அமைதியாக இருக்கிறார். அவருக்கு மேலே மாடத்தில் இறைச்சி வெட்டுகின்றனர்; கீழே இசைவாணர்கள் வாசிக்கின்றனர். ஒருவர் கிண்ணத்தில் உள்ள மதுவை வியப்போடு உற்று நோக்குகிறார். நாய்களும் உண்டு. நம் ஊர்த் திருமணப் பந்தியைக் கண்டவர்களுக்கு அந்த இரைச்சல் காதில் விழும்.

இவ்வோவியத்தை வெனிசு நகரத்துத் துறவிகள் தம் மடத்தின் உணவுக்கூடத்திற்காகத் தீட்டச் செய்தனர். அங்கே உணவு கொள்ளும் துறவியர் தலை நிமிர்ந்தால் இறைவனோடு ஒரே பந்தியில் இருப்பதுபோல் தோன்றவேண்டும் என்று, அக்கூடத்தின் அளவுக்கும் அமைப்புக்கும் ஏற்ப அமைந்தது அது. இருநூற்று முப்பத்துநான்கு ஆண்டுகள் அங்கேயே இருந்தது. 1797இல், அப்போது படைத்தலைவனாக மட்டும் இருந்த நெப்போலியனின் படை வெனிசு நகரைக் கைப்பற்றியது. ஓவியத்தைச் சுவரிலிருந்து இறக்கி, துணியைத் துண்டுகளாக அறுத்துப் பாரிசுக்கு அனுப்பினர். அங்கே மீண்டும் ஒட்டுவித்தனர். 1815இல் நெப்போலியன் வீழ்ந்ததும் பல நாட்டாரும் வந்து தத்தம் கலைச்செல்வங்களைத் திரும்பக் கொண்டு சென்றனர். இது திரும்பவில்லை. மீண்டும் ஒரு பயணத்தைத் தாங்காது என்று கூறி, அதற்கு ஈடாகப் பிரெஞ்சு ஓவியர் லெப்ரன் தீட்டிய வேறோர் ஓவியத்தைக் கொடுத்து முடித்துவிட்டனர். பயணத்தைத் தாங்காது என்று சொல்லப்பட்ட அவ்வோவியம் பின்னர் இரண்டாம் உலகப் போரில் பாரிசை விட்டு வெளியேறிப் பத்திரமாகத் திரும்பியும் வந்தது.

ஆக, அந்த ஒரு மண்டபத்தில் இரண்டு இத்தாலிய ஓவியங்கள் ஒன்றையொன்று நோக்கியிருக்கின்றன. கவரப்படாததை மீட்க ஒருவன் திருடனானான். கவரப்பட்டதோ அதற்கு எதிரிலேயே, கேட்பாரின்றி இருக்கிறது. கேட்பாரின்றி என்று சொல்வது முற்றும் பொருந்தாது. வெனிசு மக்கள் அதனை மறக்கவில்லை. 2007இல் அவ்வோவியத்தை நுண்கருவிகளால் அளந்து, அதே அளவில், அதே நிறத்தில் ஒரு படியைச் செய்து, பழைய உணவுக்கூடத்தின் பழைய இடத்தில் பொருத்தினர். இப்போது மூல ஓவியம் அதற்குரிய இடத்தில் இல்லை. உரிய இடத்தில் இருப்பது மூல ஓவியம் அன்று.

இந்த வினா வெனிசு மக்களுக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டுச் சிற்பங்களை லூவரில் தேடினால் கிடைக்கமாட்டா. 1945இல் ஆசியக் கலைப்பொருள்களை எல்லாம் பாரிசிலேயே உள்ள கீமே கலைக்கூடத்திற்கு மாற்றிவிட்டனர். சோழர் காலத்து நடராசர் ஒருவர் அங்கே ஆடிக்கொண்டிருக்கிறார். முறையாக விலைக்கு வாங்கிச் சென்றவை உண்டு. திருடிக் கடத்தப்பட்டவையும் உண்டு. தஞ்சைப் பகுதியில் உள்ள பத்தூரிலிருந்து கடத்தப்பட்ட நடராசர், இலண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி வென்றபின் 1991இல் நாடு திரும்பினார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தானிலிருந்து திருடப்பட்ட நடராசரை ஆசுதிரேலியா நாட்டுக் கலைக்கூடம் ஒன்று விலை கொடுத்து வாங்கியிருந்தது. 2014இல் அந்நாடு அதனைத் திருப்பி அளித்தது. உணவுக்கூடத்திற்கென்று எழுந்த ஓவியமும், வீதியுலாவுக்கென்று வார்த்த திருமேனியும், இடம் மாறினால் வேறு பொருளாகிவிடுகின்றன. அழகு குறைவதில்லை. ஆனால் விளக்கும் மலரும் மக்களின் குரலும் இல்லாத இடத்தில் நடராசர் சிலையாகிறார்.

இவ்வாறு எண்ணிக்கொண்டே அடுத்த கூடத்தை அடைந்தபோது, என் எண்ணத்தை அறுத்தது மற்றொரு பேரோவியம். ஏழு மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் உயரமும் கொண்ட அதில் நிறங்கள் மிகக் குறைவு. எங்கும் பழுப்பும் கருமையுமே. கடலில் ஒரு தெப்பம். அதன்மேல் பிணங்களும் குற்றுயிராய்க் கிடப்போரும். ஒரு முதியவர் இறந்த மகனை மடியில் தாங்கியபடி எங்கோ நோக்கி இருக்கிறார். அவருக்கு அப்பால் உடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுந்து ஒரு குன்றுபோல் உயர்கின்றன. உச்சியில் கறுப்பினத்தவர் ஒருவர் துணியை வீசி யாரையோ அழைக்கிறார்.

இது கற்பனை அன்று. 1816இல் மெடுசா என்னும் பிரெஞ்சு அரசுக் கப்பல் ஆப்பிரிக்காவிற்குச் சென்றது. அதன் தலைவன் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கடலோடியறியாதவன். அரச குடும்பத்தின் தயவால் பதவி பெற்றவன். ஜூலை 2ஆம் நாள் அவன் கப்பலை மணல் திட்டில் கொண்டுபோய் மோதினான். படகுகள் எல்லோருக்கும் போதவில்லை. தலைவனும் அதிகாரிகளும் படகுகளில் ஏறிக்கொண்டனர். எஞ்சியோருள் ஏறத்தாழ 147 பேர், கப்பல் மரங்களைப் பிணைத்துச் செய்த தெப்பத்தில் ஏற்றப்பட்டனர். படகுகள் தெப்பத்தைக் கயிறு கட்டி இழுத்துச் செல்வதாக ஏற்பாடு. சிறிது தொலைவு சென்றதும் கயிறு அறுக்கப்பட்டது, படகுகள் போய்விட்டன. பதின்மூன்று நாள் அந்தத் தெப்பம் கடலில் மிதந்தது. பசியும் விடாயும் கலவரமும் அவர்களைத் தின்றன. வேறொரு கப்பல் கண்டுபிடித்தபோது உயிரோடு இருந்தவர் பதினைவரே.

செய்தி பரவுவதை அரசு விரும்பவில்லை. ஆனால் உயிர் தப்பியவர் இருவர், மருத்துவரான சவிஞியும் பொறியாளரான கொரேயாரும், நூல் எழுதி வெளியிட்டனர். ஜெரிக்கோ என்னும் இளம் ஓவியர் அவர்களைத் தேடிச் சென்று கேட்டார். தெப்பத்தில் இருந்து தப்பிய தச்சரைக் கொண்டே அதன் மாதிரி ஒன்றைச் செய்வித்தார். மருத்துவமனைக்குச் சென்று நோயாளரின் முகங்களையும் இறந்தோரின் நிறத்தையும் வரைந்து பழகினார். வெளியே செல்லும் ஆசை எழாமல் இருக்கத் தலையை மழித்துக்கொண்டு அறையில் அடைந்து கிடந்து தீட்டினார். 1819இல் அது காட்சிக்கு வந்தபோது அவருக்கு வயது 27. காட்சி நடைபெற்றது இதே லூவரில். அரசின் தயவால் பதவி பெற்றவன் செய்த கொடுமையை அரசின் மாளிகைச் சுவரிலேயே அவர் மாட்டினார். முப்பத்திரண்டாம் வயதில், 1824இல், ஜெரிக்கோ மறைந்தார். அதே ஆண்டில் லூவர் அவ்வோவியத்தை விலைக்கு வாங்கியது. அவர் நிழலுக்குப் பயன்படுத்திய கீல் கலந்த வண்ணம் ஆண்டுதோறும் கறுத்து வருகிறது. அதனைத் தடுக்க வழியில்லை என்கின்றனர்.

இக்கீல்தான் இவ்வோவியத்தைப் போர்க்காலத்தில் பெரும்பாட்டுக்கு உள்ளாக்கியது. 1939 ஆகஸ்டு இறுதியில் போர் நெருங்கியது. அரசுக் கலைக்கூடங்களின் பொறுப்பாளருள் ஒருவரான ஜாக் ஜொஜார், லூவரை மூடிவிட்டு ஓவியங்களை வெளியூர்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். கலைக்கூட ஊழியரோடு மாணவர்களும், அண்டையில் உள்ள பெருங்கடை ஒன்றின் பணியாளரும் இரவு பகலாகப் பெட்டிகளில் அடுக்கினர். வெரோனீசின் பேரோவியத்தைப் பாய்போல் சுருட்டினர். மோனா லிசா தனிப் பெட்டியில் கிளம்பினாள். போர் முடியுமுன் பல முறை இடம் மாறினாள். சிறகு விரித்த வெற்றித் தேவதையைக் கயிறுகளால் பிணைத்து, படிக்கட்டின்மேல் அமைத்த மரச் சாய்தளத்தின் வழியே அங்குலம் அங்குலமாக இறக்கினர். அந்நாள் செப்டம்பர் 3; பிரான்சு போர் அறிவித்ததும் அன்றே.

ஜெரிக்கோவின் ஓவியத்தைச் சுருட்ட முடியவில்லை. சுருட்டினால் கீல் ஒட்டிக்கொள்ளும். ஆதலால் நாடகக் குழு ஒன்றின் காட்சித் திரைகளைக் கொண்டுசெல்லும் பெரிய வண்டியில் அதனை நிமிர்த்து நிறுத்திக் கொண்டு சென்றனர். இரவில் வெர்சேல் நகரைக் கடக்கும்போது ஓவியத்தின் உச்சி டிராம் வண்டிகளின் மின்கம்பிகளில் சிக்கியது. தீப்பொறிகள் பறந்தன. நகரம் இருளில் மூழ்கியது. நல்வேளையாக ஓவியத்திற்கு ஊறு நேரவில்லை. அதன்பின் இத்தகைய வண்டிகளோடு, கம்பிகளை உயர்த்திப் பிடிக்கும் ஆட்களும் சென்றனர். கைவிடப்பட்டோரின் தெப்பத்தை இந்த முறை யாரும் கயிறறுத்து விடவில்லை.

1940இல் செர்மானியப் படை பாரிசில் நுழைந்தபோது லூவரின் சுவர்களில் வெறும் சட்டங்களே தொங்கின. 1945இல் போர் முடிந்தபின் ஓவியங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து தத்தம் இடத்தை அடைந்தன.

நான் அங்கே இருந்தபோது பள்ளிச் சிறுவர் இருபதின்மர் அளவில் தம் ஆசிரியையோடு வந்தனர். பதினெட்டு வயதிற்கு உட்பட்டோர்க்கு லூவரில் கட்டணம் இல்லை. அவர்கள் தெப்பத்தின் எதிரே தரையில் அமர்ந்து, மடியில் தாளை வைத்துக்கொண்டு வரையத் தொடங்கினர். ஆசிரியை ஏதோ கேட்டார். எல்லோரும் எழுந்து ஓவியத்தின் அருகே சென்று எதையோ தேடினர். துணி வீசும் மனிதர் அழைக்கும் கப்பல் எங்கே என்பதுதான் கேள்வி என்பது சிறிது நேரத்தில் எனக்கும் விளங்கியது. அவ்வளவு பெரிய ஓவியத்தில் அக்கப்பல் ஒரு புள்ளி அளவே. சிறுமி ஒருத்தி முதலில் கண்டுபிடித்து விரலை நீட்டினாள். காவலர் ஒருவர் விரைந்து வந்து, தொடாமல் காட்டும்படி சைகை செய்தார். அவள் கையை இழுத்துக்கொண்டு திரும்பி வந்து அமர்ந்தாள். தன் தாளில், இன்னும் தெப்பமே வரையாத இடத்தில், அடிவானத்துக் கப்பலை முதலில் வரைந்தாள்.